செஞ்சிக்குப் போகிறவர்கள் பார்க்காமல் வரும் பாறைகள்

விழுப்புரம் மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது இரண்டு விஷயங்கள். ஒன்று ரயில்வே ஜங்ஷன். இன்னொன்று செஞ்சிக்கோட்டை. திண்டிவனம் என்றால் பலருக்கு அது சென்னை பஸ் டீ குடிக்க நிற்கும் ஊர், அவ்வளவுதான்!

2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோவின் உலக பாரம்பரியச் சின்னம் ஆனது. மராட்டியர்களின் ராணுவக் கோட்டைகள் என்ற தொகுப்பில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். நல்ல செய்தி. ஆனால் அந்தக் கோட்டையின் முதல் கல்லை வைப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே, அதே செஞ்சியைச் சுற்றியுள்ள பாறைகளில் மனிதர்கள் தங்கினார்கள், படித்தார்கள், உண்ணாமல் இருந்து உயிர்விட்டார்கள், தங்கள் பெயரையும் வெட்டி வைத்தார்கள். அவர்கள் சமணர்கள்.

வரலாற்றுப் பாடப் புத்தகம் சமணத்தைப் பற்றி என்ன சொல்லித் தருகிறது? மகாவீரர், 24 தீர்த்தங்கரர்கள், ஐந்து விரதங்கள். பிறகு ஏழாம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் வந்தார்கள், தமிழகத்தில் சமணம் மறைந்தது. முற்றுப்புள்ளி. பரீட்சையில் இப்படி எழுதினால் மார்க் கிடைக்கும். ஆனால் திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே உள்ள கற்கள் வேறு கதை சொல்கின்றன. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம்

சமணக் குகை என்றதும் எல்லோரா மாதிரி மலையையே குடைந்த பெரிய மண்டபத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இந்தப் பகுதியில் உள்ளவை பெரும்பாலும் இயற்கையான குகைகள். பெரிய பாறை ஒன்று முன்னால் நீட்டிக் கொண்டிருக்கும். அதன் அடியில் தரையைச் செதுக்கி வழுவழுப்பாக்கி, ஒருவர் படுக்கும் அளவுக்குப் படுக்கைகள் வெட்டியிருப்பார்கள். தலைப்பக்கம் மட்டும் தலையணை போலக் கொஞ்சம் மேடாக இருக்கும். மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க, பாறையின் நெற்றியில் ஒரு விளிம்பு வெட்டுவதும் உண்டு. அவ்வளவுதான் வேலை.

காரணம் எளிது. சமணத் துறவிக்குச் சொந்தமாக எதுவும் இருக்கக் கூடாது. மழைக்காலத்தில் பூச்சி, புழுக்கள் மிதிபட்டுச் சாகக் கூடாது என்பதால் அந்த நான்கு மாதங்கள் ஊர் ஊராக நடக்காமல் ஒரே இடத்தில் தங்க வேண்டும். அதற்கு ஓர் ஒதுக்குப்புறமான இடம் தேவை. ஊருக்கு ரொம்ப தூரமாகவும் இருக்கக் கூடாது, பிச்சை ஏற்க வேண்டுமே! அதனால்தான் இந்தக் குகைகள் எல்லாம் ஏதாவது ஒரு பழைய ஊருக்குப் பக்கத்துக் குன்றிலேயே இருக்கின்றன.

இப்படிப்பட்ட இடத்துக்குப் பழைய தமிழில் பாளி, பள்ளி என்று பெயர். பின்னாளில் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் பள்ளி என்ற பெயர் வந்ததற்குச் சமணர்கள் கல்வி கற்பித்ததுதான் காரணம் என்று சொல்வதுண்டு.

செலவு செய்தது யார்?

குகையில் படுக்கை வெட்டக் கூலி கொடுக்க வேண்டும். துறவியிடம் காசு கிடையாது. அப்படியானால் யார் கொடுத்தது? இந்தக் கேள்விக்குக் கல்வெட்டுகளே பதில் சொல்கின்றன. கணக்குப் பாடத்தில் வரும் வவுச்சர் மாதிரி, யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார், யார் வேலை செய்தார் என்று சுருக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று உதாரணங்கள் போதும்.

முதலாவது, ஜம்பை. திருக்கோவிலூர்ப் பக்கம் உள்ள ஊர். முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போய்விட்டது. அங்குள்ள குகையில் 1981-ல் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே ஒரு வரி. சதியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி என்பது அதன் பொருள். அதியமான் நெடுமான் அஞ்சி யார் என்று நமக்குத் தெரியும், ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவர். அசோகர் தன் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரருடன் சதியபுத்திரர் என்றும் ஒரு பெயரைச் சொல்கிறார். அவர்கள் யார் என்று அறிஞர்கள் பல காலமாக விவாதித்து வந்தார்கள். அந்த விவாதத்துக்கு விடை தந்தது இந்த ஒற்றை வரிதான்! சங்கப் பாடலில் வரும் ஒரு தலைவனின் பெயரை அவன் காலத்தை ஒட்டிய கல்லிலேயே படிக்க முடிவது சாதாரண விஷயம் அல்ல.

இரண்டாவது, செஞ்சி வட்டத்தில் உள்ள தொண்டூர். இங்கும் குகையில் கற்படுக்கைகளும், ஏறத்தாழ கி.பி. மூன்றாம் நூற்றாண்டு என்று கணிக்கப்படும் ஒரு கல்வெட்டும் உள்ளன. காயிபன் என்று முடியும் பெயருடைய ஒருவர் சொன்னதன் பேரில், அகழூர் அறமாக, மோசி என்பவர் இந்த இருக்கையைச் செய்தார் என்கிறது அது. இங்கே அரசன் இல்லை. ஓர் ஊரின் பெயரும், உளி பிடித்த கையின் பெயரும் இருக்கின்றன. இதில் இன்னும் ஆச்சரியமான விஷயம், தொண்டூருக்குப் பக்கத்தில் அகலூர் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. அங்கே தமிழ்ச் சமணக் குடும்பங்களும் இன்றும் வாழ்கின்றன. சுமார் 1700 ஆண்டுகளாக ஓர் ஊருக்கும் ஒரு சமயத்துக்கும் இடையே உள்ள உறவு அறுந்து போகவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம், யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, நேகனூர்பட்டி. இதுவும் செஞ்சிப் பகுதிதான். அடுக்கங்கல் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் பாறைக் குகையில் உள்ள கல்வெட்டு ஏறத்தாழ நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சேக்கந்தி என்பவரின் தாய் சேக்கந்தண்ணி செய்வித்த பள்ளி என்று அது சொல்கிறது. கொடுத்தவர் ஒரு பெண். தன் பெயரிலேயே கொடுத்திருக்கிறார்.

ஒரு குறுநில மன்னன், ஓர் ஊர், ஒரு தாய். சமணம் ஏதோ வடக்கிலிருந்து வந்து காட்டில் ஒளிந்து வாழ்ந்த சமயம் அல்ல, இந்த மண்ணின் சாதாரண மக்கள் கைக்காசு போட்டு வளர்த்த சமயம் என்பதற்கு இந்த மூன்று வரிகளே சாட்சி.

57 நாட்கள்

செஞ்சி நகரை ஒட்டி, சிறுகடம்பூர்ப் பக்கம், திருநாதர்குன்று என்ற சின்னக் குன்று இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். மேலே ஒரு பெரிய உருண்டைப் பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் வரிசைக்கு 12 பேராக, இரண்டு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். எல்லா உருவமும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே அமைதி. ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் செதுக்கியவை என்பது பொதுவான கருத்து.

ஆனால் அந்தக் குன்றின் உண்மையான புதையல் சிற்பம் அல்ல. அதைவிடப் பழைய ஒரு கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாட்கள் உண்ணாமல் நோன்பிருந்து உயிர்நீத்த இடம் இது என்று அது தெரிவிக்கிறது. காலம் ஏறத்தாழ ஐந்து அல்லது ஆறாம் நூற்றாண்டு. பிராமி எழுத்து மாறி வட்டெழுத்தாக உருவெடுத்துக் கொண்டிருந்த சமயம் என்பதால், தமிழ் எழுத்தின் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு இது முக்கியமான கல்வெட்டு. நாட்களை எண்ணால் குறிக்காமல் ஐம்பத்தேழு என்று எழுத்தால் எழுதியிருப்பதால், 'ஐ' என்ற எழுத்து இதில் வருகிறது. அந்த எழுத்தின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்றாக இதைக் கல்வெட்டு அறிஞர்கள் காட்டுவார்கள். அதே குன்றில் இளையபடாரர் என்ற இன்னொரு துறவி 30 நாட்கள் நோன்பிருந்து உயிர்விட்ட செய்தியும் உண்டு. அது பத்தாம் நூற்றாண்டை ஒட்டியது. அதாவது ஒரே குன்று, ஒரே நோன்பு, இடையில் 400 ஆண்டுகள்!

செஞ்சி வட்டத்திலேயே பறையன்பட்டு என்ற ஊரிலும் இப்படி ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாணாட்டைச் சேர்ந்த வச்சணந்தி ஆசிரியரின் மாணவர் ஆராதன் நோற்று முடித்த இடம் என்கிறது. ஆசிரியர் பெயரையும் மாணவர் பெயரையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். இவ்வாறு நோன்பிருந்து இறந்தவர் நினைவாக உள்ள இடத்துக்கு நிசீதிகை என்று பெயர்.

இது தற்கொலையா? நம் காலத்தில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போனது. 2015 ஆகஸ்ட் 10-ல் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் இந்த நோன்பைத் தற்கொலைக்குச் சமமானது என்று சொல்லித் தடை செய்தது. நாடு முழுவதும் சமணர்கள் வாய்மூடி ஊர்வலம் போனார்கள். அதே மாதம் 31-ந் தேதி உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. தற்கொலை என்பது துயரத்திலோ கோபத்திலோ ஒரு நொடியில் எடுக்கும் முடிவு, சல்லேகனை என்பது ஆசையையும் உணவையும் படிப்படியாகக் குறைத்துக் கொண்டு, விழிப்போடு உடலை விடும் விரதம் என்பது சமணர்களின் வாதம். உயிர் வாழும் உரிமை பெரிதா, சமய நம்பிக்கை பெரிதா, முதியவர்கள் மீது குடும்பமோ சமூகமோ அழுத்தம் கொடுத்தால் என்ன செய்வது என்பது எதிர்த் தரப்பின் கேள்வி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்று நிச்சயம். வடக்கிருந்து உயிர்விடுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. கோப்பெருஞ்சோழனும் அவனுக்காகப் பிசிராந்தையாரும் வடக்கிருந்த கதை நமக்குத் தெரியும். டெல்லியில் வக்கீல்கள் வாதாடிய விஷயத்துக்கான பழைய ஆவணம் ஒன்று செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் குன்றில் இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பல்லவன் வந்தான்

இப்போது விழுப்புரம் செஞ்சி சாலைப் பக்கம் உள்ள மண்டகப்பட்டுக்கு வருவோம். முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்த கோயில் இது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்கு இந்தக் கோயிலை விசித்திரசித்தன் உருவாக்கினான் என்று வடமொழிக் கல்வெட்டில் பெருமையோடு சொல்கிறான். அருகில் உள்ள தளவானூரிலும் அவன் குடைந்த ஒரு கோயில் உண்டு.

மகேந்திரவர்மன் முதலில் சமணனாக இருந்து, அப்பரால் சைவனாக மாறினான் என்பது மரபு. அப்பரும் தருமசேனர் என்ற பெயரில் சமணத் துறவியாக இருந்தவர்தான். அவர் இருந்த பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு திருவதிகையில் மன்னன் கோயில் எழுப்பினான் என்று 12-ம் நூற்றாண்டுப் பெரியபுராணம் கூறுகிறது. அந்தப் பாடலிபுத்திரம் இன்றைய கடலூர்ப் பக்கத்துத் திருப்பாதிரிப்புலியூர் என்று கருதுகிறார்கள். அந்த ஊர் வெறும் கற்பனை அல்ல. லோகவிபாகம் என்ற சமண நூல் பல்லவ மன்னன் சிம்மவர்மனின் 22-ம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 458-ல், பாணராட்டிரத்துப் பாடலிகையில் எழுதி முடிக்கப்பட்டதாக அந்த நூலே சொல்கிறது. பறையன்பட்டுக் கல்வெட்டில் வரும் பாணாடு என்ற பெயரை இதோடு வைத்துப் பாருங்கள்.

மண்டகப்பட்டைப் புகழும்போது பாறையில் வேலை செய்வதையே மகேந்திரவர்மன்தான் இங்கே தொடங்கி வைத்தான் என்பது போல ஒரு எண்ணம் வருகிறது. அது சரியல்ல. மலையைக் குடைந்து கோயில் எழுப்பியது இந்தப் பகுதிக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் அதே கடினமான பாறையில் மோசி போன்றவர்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே உளி பிடித்து விட்டார்கள்.

அதைவிட முக்கியமானது இனிமேல்தான் வருகிறது. மன்னன் மாறினான், சரி. சமணம் மறைந்ததா?

திருநாதர்குன்றின் 24 உருவங்கள் அதற்குப் பிறகு வந்தவை. மேல்சித்தாமூரில் மலைநாதர் கோயில் பாறையில் பாகுபலி, பார்சுவநாதர், அம்பிகை முதலிய உருவங்களைச் செதுக்கியது ஒன்பதாம் நூற்றாண்டில். வந்தவாசிப் பக்கம் சீயமங்கலத்தில் மகேந்திரவர்மன் சிவனுக்குக் குடைந்த குடைவரை இருக்கும் ஊரிலேயே, இன்னொரு குன்றில் பார்சுவநாதரும் பாகுபலியும் பிற்காலத்தில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள்!

வந்தவாசி வட்டத்தின் வேடல் கல்வெட்டு இன்னும் சுவாரசியம். முதலாம் ஆதித்த சோழனின் 14-ம் ஆட்சியாண்டு, அதாவது ஏறத்தாழ கி.பி. 885. கனகவீரக் குரத்தியார் என்ற பெண் துறவியும் அவருடைய 500 மாணவியரும் ஒரு பக்கம். 400 பெண் துறவியர் இன்னொரு பக்கம். இருவருக்கும் இடையே ஏதோ பிணக்கு. குரத்தியாரின் தரப்பைக் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்கிறார்கள். ஒரே ஊரில் 900 பெண்கள்! அதுவும் சமணம் மறைந்துவிட்டது என்று நாம் படித்த நூற்றாண்டுக்கு இருநூறு ஆண்டுகள் கழித்து.

எனவே ஏழாம் நூற்றாண்டில் நடந்தது சமணத்தின் முடிவு அல்ல. அரசனின் ஆதரவு போனது, அவ்வளவுதான். ஊர்களின் ஆதரவு இருந்தது.

தப்பிப் பிழைத்த கதை

இன்றைய தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. ஜினகாஞ்சி மடம் என்று பெயர். காஞ்சிபுரத்தில் இருந்து இடம் மாறி வந்தது என்பது மரபு. அங்குள்ள பார்சுவநாதர் கோயிலுக்கு ஏழு நிலை ராஜகோபுரம் உண்டு. வெளியில் இருந்து பார்த்தால் சிவன் கோயில் என்றே நினைப்போம்.

இந்தச் சமூகம் ஒரு கட்டத்தில் அழிவின் விளிம்பு வரை போய் வந்த கதை ஒன்று, 1906-ல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியரில் பதிவாகி இருக்கிறது. 1478-ல் செஞ்சியை ஆண்ட ஒரு தலைவனைச் சமணர்கள் அவமதித்து விட்டதாகவும், அவன் கோபம் கொண்டு கண்ட இடத்தில் சமணர்களைக் கொல்லச் சொன்னதாகவும் கதை. சிலர் ஊரை விட்டு ஓடினார்கள். பலர் திருநீறு பூசிச் சைவர்களானார்கள். தாயனூரைச் சேர்ந்த ஒருவர் உடையார்பாளையத்தில் அடைக்கலம் புகுந்தார். இன்னொருவர் சமண வழக்கத்தைக் கடைப்பிடித்ததால் பிடிபட்டார். தலைவனுக்கு அப்போது குழந்தை பிறந்திருந்ததால் உயிர் தப்பினார். அவர் சிரவணபெளகொளாவுக்குப் போய்ப் படித்து, வீரசேனாசாரியராகத் திரும்பி வந்து, மதம் மாறியவர்களை மீண்டும் சமணத்துக்கு அழைத்து வந்தாராம். கதையின் ஒவ்வொரு விவரத்தையும் சரித்திரம் என்று எடுத்துக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு சமூகம் தன்னைப் பற்றி இப்படி ஒரு கதையை 400 ஆண்டுகள் சொல்லிக் கொண்டிருக்கிறது என்றால், அதன் பின்னால் ஏதோ ஒரு காயம் இருக்க வேண்டும்.

அவர்கள் பிழைத்ததால் தமிழுக்கு என்ன லாபம் என்று கேட்டால், ஒரே ஒரு உதாரணம். உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். அதில் வரும் சமணக் கருத்துக்கள் அவருக்குப் புரியவில்லை. கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்து கொண்டார். அவருக்கு உதவியவர்களில் ஒருவர் வீடூர் அப்பாசாமி நயினார். வீடூர் எங்கே இருக்கிறது? அணைக்கட்டு உள்ள நம் திண்டிவனம் பக்கத்து வீடூர்தான்!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உள்ள சமணர்கள் சுமார் 89 ஆயிரம் பேர். இதில் வியாபாரத்துக்காக வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களும் அடக்கம். வீட்டில் தமிழ் பேசும் நயினார் குடும்பங்கள் அதில் ஒரு பகுதிதான்.

இப்போது என்ன ஆபத்து?

மன்னர்களின் கோபத்தைத் தாண்டி வந்த பாறைகளுக்கு இப்போது வேறு ஆபத்து. திண்டிவனம், விழுப்புரம் பகுதியில் கல் குவாரிகளும் கிரஷர்களும் ஏராளம். சென்னையில் எழும் கட்டடங்களுக்கு ஜல்லி வேண்டும், நான்கு வழிச்சாலைக்கு ஜல்லி வேண்டும். எல்லாம் தேவைதான். ஆனால் கோயிலை இடித்தால் திரும்பக் கட்டலாம். கல்வெட்டு உள்ள பாறையை உடைத்தால் அது லாரியில் ஏறிய பிறகு வெறும் முக்கால் இன்ச் ஜல்லி.

மத்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் குவாரியோ புதிய கட்டடமோ கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு என்று 2010-ல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. பட்டியலில் ஏறாத பாறைக்கு இந்த வேலி கிடையாது. அங்கே ஊர்க்காரர்களின் அக்கறைதான் ஒரே காவல். தமிழ்ச் சமணர்கள் 2014-ல் அகிம்சை நடை என்று ஒன்றைத் தொடங்கி, இப்படிப்பட்ட குன்றுகளுக்குக் கூட்டமாகப் போய் வருகிறார்கள். ஆள் நடமாட்டம் உள்ள குன்றில் வெடி வைக்க யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள் அல்லவா?

இரண்டாவது ஆபத்து நம்மைப் போன்றவர்களால் வருவது. பெயின்ட்டில் பெயர் எழுதுவது, கற்படுக்கையில் உட்கார்ந்து பாட்டில் உடைப்பது.

போக நினைப்பவர்களுக்கு

திண்டிவனத்தில் இருந்து செஞ்சி சுமார் 28 கிலோமீட்டர். பஸ் வசதி நிறைய உண்டு. மேல்சித்தாமூர் இரண்டுக்கும் இடையில், செஞ்சியில் இருந்து 10 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. காலையில் திருநாதர்குன்று, பிறகு மேல்சித்தாமூர், திரும்பும்போது விழுப்புரம் வழியில் மண்டகப்பட்டு என்று வைத்துக் கொண்டால் ஒரே நாளில் மூன்று காலகட்டங்களைப் பார்த்து விடலாம். தொண்டூருக்கும் நேகனூர்பட்டிக்கும் டூ வீலர் இருந்தால் நல்லது. ஊரில் விசாரிக்காமல் குகையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வெயில் ஏறினால் பாறை சுடும், அதனால் காலை 9 மணிக்குள் மேலே ஏறிவிட வேண்டும். தண்ணீர் கையில் இருக்கட்டும். சித்தாமூர் கோயிலிலும் மடத்திலும் இன்றும் வழிபாடு நடக்கிறது. அங்கே அசைவ உணவோ தோல் பொருட்களோ கொண்டு போக வேண்டாம். கல்வெட்டைப் போட்டோ எடுக்கலாம். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ், சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் தடவ வேண்டாம்.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, வந்தவாசிப் பக்கத்து நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஊர்க் குன்றில் படுக்கை போல வெட்டிய பாறையோ, கண்மூடி அமர்ந்த உருவமோ இருக்கிறதா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இருந்தால் ஒரு போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். மோசி படுக்கை வெட்டினார், சேக்கந்தண்ணி பள்ளி செய்வித்தார். நம்மால் முடிந்தது ஒரு தபால் தலை செலவு. அதையாவது செய்யலாமே!